பெருவிரலையும் பாருங்கள்

வணக்கம். வன்னியில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றைக்கு ஒரு பிள்ளையின் பெருவிரலைப் பற்றிக் கதைக்கத்தான் வந்திருக்கிறேன்.

2010ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வந்த சூரிய கிரகணம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நடுப்பகலில் சூரியன் வளையல் போலத் தெரிந்தது. அன்றைக்குச் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த ஒரு தாய்க்கு ஐந்தாம் மாதம். பசியில் அழுத மூத்த மகளுக்குச் சமைக்கப் பூசணிக்காய் வெட்டினார். வைகாசியில் மகன் பிறந்தான். வலது கைப் பெருவிரல் மிகச் சிறிதாக, தோலில் மட்டும் தொங்குவது போல இருந்தது. "கிரகணத்தண்டு கத்தி பிடிச்சவள்" என்ற சொல் அன்று தொடங்கியது. ஏழு வருடம் அந்தத் தாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மீள்குடியேறித் தருமபுரம் பக்கம் வந்தபோது அவர்கள் என் பிரிவுக்குள் வந்தார்கள். பிள்ளையை நிறுத்துப் பார்த்தது நான். அட்டையில் அவனுடைய வளர்ச்சிக் கோடு எப்போதும் கீழேதான் ஓடியது. பெருவிரலையும் கண்டேன். முதுகில் பால்தேநீர் நிறத்தில் இரண்டு மூன்று தழும்பு போன்ற படைகளையும் கண்டேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்த்தேன். ஏழு வயதில் அவன் வெளிறிப் போனான். பூச்சிமருந்து கொடுத்தோம், இரும்புக்குளிசை கொடுத்தோம், கீரை சொன்னோம். மாதங்கள் போயின, மாற்றமில்லை. விழாமலே காலில் கன்றிய அடையாளங்கள் வந்தன, பல் தீட்டினால் முரசில் இரத்தம் வந்தது. கடைசியில் ஒரு குழந்தை வைத்திய நிபுணர் அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தவர், பெருவிரலில் வந்து நின்றுவிட்டார்.

அந்த நோயின் பெயர் ஃபன்கோனி இரத்தச்சோகை. சுவிற்சர்லாந்துக் குழந்தை வைத்தியர் குயிடோ ஃபன்கோனி 1927இல் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் மூவரிடம் கண்டு எழுதியது. இதே பெயரில் ஒரு சிறுநீரகக் குறைபாடும் உண்டு, அது வேறு. இது மிக அரிது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளில் ஒன்று என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள்.

விரலுக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று நானும் கேட்டேன். நம் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கும் மரபுப்பொருள் இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி. கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் புரிகள் பிரிய வேண்டும். சில வேளை இரண்டு புரியும் நடுவில் ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் நடப்பதுதான். அதை விடுவித்துச் சரிசெய்ய இருபதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. அவற்றில் ஒன்று பழுதானால் ஒட்டியது ஒட்டியபடி கிடக்கும், கலம் சாகும். கருவில் கை உருவாகும் நேரத்திலும், எலும்புக்குள் இருந்து நாளாந்தம் புது இரத்தக் கலங்களை உண்டாக்கும் என்பு மச்சையிலும்தான் இந்தப் பழுது பெரிதாகத் தெரியும். பெருவிரல் இல்லாமலோ, சிறுத்தோ, இரட்டையாகவோ இருக்கலாம். முன்கையில் பெருவிரல் பக்கத்து எலும்பான ஆரையே இல்லாமல் போகலாம். அப்புறம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுக்குள் மச்சை ஓய்ந்துபோகத் தொடங்கும். சிவப்பு இரத்தக் கலம், வெள்ளை இரத்தக் கலம், இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டு மூன்றும் குறையும். நாங்கள் கொடுத்த இரும்பு எப்படி உதவும்? இரத்தம் ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு தேங்கி ஈரலையும் இதயத்தையும் தாக்குவதுதான் இந்தப் பிள்ளைகளின் பிரச்சினை.

நிபுணர் அந்தத் தாயிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பிள்ளையின் கை கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. பூசணிக்காய் வெட்டியது ஐந்தாம் மாதத்தில். பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் வந்தால்தான் பெரும்பாலும் இந்த நோய் வரும். அவர்கள் மச்சான் மச்சாள் முறையில் முடித்தவர்கள். இரத்த உறவில் முடித்தால் இரண்டு பக்கமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடும். இருவரிடமும் அந்தப் பழுது உள்ள பெற்றோருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

"அப்ப, நான் வெட்டினதால இல்லையோ மிஸ்?" அதைத்தான் அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். யுத்தத்தில் செல் குண்டுப் புகையால், பதுங்கு குழியால் என்று தங்களைக் குற்றம் சொல்லும் தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த நோய்க்கு அவையும் காரணமில்லை.

நோயை உறுதிப்படுத்த இரத்தக் கலங்களோடு புரிகளை ஒட்டவைக்கும் ஒரு இரசாயனத்தைச் சேர்த்து, மரபுப்பொருள் சுருண்டிருக்கும் நிறமூர்த்தங்கள் எவ்வளவு உடைகின்றன என்று பார்ப்பார்கள். சகோதரங்களுக்கும் அது அவசியம். ஏனென்றால் வெளியில் ஒரு குறையும் தெரியாமலே இந்த நோய் இருக்கலாம். ஓய்ந்துபோன மச்சைக்குப் பதிலாகப் பொருந்தும் சகோதரத்தின் மச்சையை மாற்றுவது ஒரு சிகிச்சை. நோயுள்ள சகோதரத்திடமே மச்சை எடுத்து மாற்றினால் என்னவாகும், யோசியுங்கள். மாற்றுவதற்கு முன் கொடுக்கும் கடும் மருந்தையும் இவர்களுக்குக் குறைத்தே கொடுக்க வேண்டும். வழமையான அளவை இவர்கள் உடம்பு தாங்காது.

பிரசவம் பார்த்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. உலகில் முதன்முதலாக மச்சைக்குப் பதிலாகத் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு மாற்று சிகிச்சை செய்யப்பட்டது 1988இல், பாரிஸில், எலியான் குளுக்மன் என்ற பெண் வைத்தியரின் குழுவால். சிகிச்சை பெற்றது இந்த நோயுள்ள ஐந்து வயதுச் சிறுவன். கொடுத்தது அவனுக்குப் பின் பிறந்த தங்கச்சியின் கொடி. நாங்கள் நச்சுக்கொடியோடு சேர்த்துப் புதைத்துவிடும் இரத்தம் அது.

நம்முடைய பிள்ளைக்கு அக்காவின் மச்சை பொருந்தவில்லை. அக்காவுக்கு நோயில்லை என்பது மட்டும் உறுதியானது. அவன் குளிசையிலும் ஏற்றும் இரத்தத்திலும் இருக்கிறான். இனி அவனுக்கு இன்னொரு கவனம் வேண்டும். இந்த நோயுள்ளவர்களுக்கு இரத்தப் புற்றுநோயும், இளம் வயதிலேயே வாய், தொண்டைப் புற்றுநோயும் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வாயைத் தவறாமல் சோதிக்க வேண்டும். புகையிலை, மது, பாக்கு எதுவும் ஆகாது.

அந்த வீட்டில் அப்பம்மாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பவன் இவன்தான். இடித்ததில் ஒரு கிள்ளு தன் வாயிலும் போடுவான். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை போனபோது பாக்குரல் குசினிக்குள் மேல்தட்டில், அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. பேரனின் அந்தச் சின்னப் பெருவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்தபடி, மருமகளுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார்.