அடுத்த மாசத்துக்கு என்ன புத்தகம்? (வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை ஏத்திருக்கிற ஐயா அவர்களே, வருஷா வருஷம் இந்த அரங்கத்தை முகம் சுளிக்காம ஒதுக்கிக் குடுக்கிற நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன்னாடி பேசி நம்ம எல்லாரையும் கட்டிப்போட்ட பேராசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரை சொன்ன தம்பி, நன்றியுரைக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற தங்கச்சி, பின்னாடி சுவரோரமா நிக்கிற நண்பர்களே, முன்வரிசையில சேர் இருக்கு, தயவுசெஞ்சு வந்து உக்காருங்க. நூலகர் அம்மாவைப் பத்தி இன்னொரு வார்த்தை சொல்லியே ஆகணும். நம்ம கூட்டம் நேரம் தாண்டிப் போற ஒவ்வொரு தடவையும் விளக்கை அணைக்காம, சாவியைக் கையில வச்சுக்கிட்டு, கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டுட்டுப் போறவங்க அவங்க. ஒரு கைதட்டு குடுங்க. தலைவர் ஐயா இந்த வட்டத்தோட முதல் நாள்லருந்து கூட இருக்கார், அவருக்கும் ஒண்ணு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். குழுவா படிச்சுப் பேசுறதுக்கு ஒரு கட்டுரை நூலை, அதாவது கதை இல்லாத புத்தகத்தை, எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பேசச் சொன்னாங்க. நாலு விஷயம் சொல்லலாம்னு இருக்கேன். ஒண்ணு புத்தகத்தோட ஆழம், ரெண்டாவது அதுல வாதம் பண்ண இடம் இருக்கா, மூணாவது அதை நம்பலாமா, நாலாவது மொழிபெயர்ப்பு. எங்க பாட்டி எதுக்கெடுத்தாலும் சொல்ற பழமொழி ஒண்ணு உண்டு, "ஆழம் தெரியாம காலை விடாதே". புத்தகத் தேர்வுக்கு இதை விடப் பொருத்தமான பழமொழி கிடையாதுங்கிறது என் கட்சி.

நாவல்னா ஒரு அத்தியாயம் புடிச்சா அதுவே இழுத்துக்கிட்டுப் போயிரும். கட்டுரை நூல் அப்படி இல்ல. 2014-ல ஜோர்டன் எல்லன்பெர்க்னு ஒரு கணிதப் பேராசிரியர் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கிண்டில்ங்கிற இபுக் படிக்கிற கருவியில வாசகர்கள் அதிகமா அடிக்கோடு போட்ட அஞ்சு இடத்தை எடுத்து, அந்தப் பக்க எண்களோட சராசரி மொத்தப் பக்கத்துல எத்தனை சதவீதம்னு பாத்தார். கடைசி வரைக்கும் படிச்சிருந்தா அடிக்கோடு புத்தகம் முழுக்கப் பரவி இருக்கும், பாதியில விட்டிருந்தா முன்பக்கங்கள்லயே நின்னுரும், அவ்வளவுதான் லாஜிக். ஸ்டீபன் ஹாக்கிங் எழுதின 'காலத்தின் சுருக்கமான வரலாறு' 6.6 சதவீதம். அந்த வருஷம் உலகமே பேசின தாமஸ் பிக்கெட்டியோட மூலதனம் பத்தின புத்தகம், கிட்டத்தட்ட 700 பக்கம், 2.4 சதவீதம். இது அறிவியல் ஆய்வு இல்ல, ஒரு விளையாட்டுக் கணக்குதான்னு அவரே சொல்லிட்டார். ஆனா எந்த வாசகர் வட்டத்துல கேட்டாலும் ஆமா அப்படித்தான்னு தலையாட்டுவாங்க. இத்தனைக்கும் ஹாக்கிங், ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாக் குறையும்னு யாரோ சொன்னதைக் கேட்டு, ஐன்ஸ்டீனோட அந்த ஒரே ஒரு சமன்பாட்டைத் தவிர எதையும் சேர்க்காம எழுதினவர்.

அதனால பரிசு வாங்கின புத்தகம், எல்லாரும் பேசுற புத்தகம்னு மட்டும் பாத்து எடுக்காதீங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி நடுவுலருந்து ஒரு பக்கத்தைத் திறந்து குழுவுல ஒருத்தர் சத்தமா வாசிக்கட்டும். முதல் அத்தியாயத்தை எல்லா எழுத்தாளரும் இழைச்சு இழைச்சுத்தான் எழுதியிருப்பாங்க, சரக்கு இருக்கா இல்லையான்னு நடுப்பக்கத்துலதான் தெரியும். ஃபோர்டு மேடாக்ஸ் ஃபோர்டுங்கிற ஆங்கில எழுத்தாளர் 99-வது பக்கத்தைத் திறந்து படிங்கன்னு சொன்னதாச் சொல்லுவாங்க. அந்தப் பக்கம் வாசிக்கிறப்போ யார் முகத்துல களை வருது, யார் ஜன்னலைப் பாக்கிறாங்கன்னு கவனிச்சா போதும், ஓட்டெடுப்பே வேண்டாம். ஆழம் தெரியாம காலை விடாதே.

நீளமான புத்தகம் கூடாதுன்னு நான் சொல்லல. உ.வே.சாமிநாதையரோட 'என் சரித்திரம்' சின்னப் புத்தகமா? இல்லையே. ஆனா அது ஆனந்த விகடன்ல 1940-லருந்து தொடரா வந்தது, வாரம் ஒரு அத்தியாயம்னு எழுதினதால ஒவ்வொண்ணும் ஒரே மூச்சுல படிக்கிற அளவு. 1942-ல அவர் காலமானதால முடியாமலே நின்னுபோச்சு, 1950-லதான் புத்தகமா வந்துச்சு. இப்படிப் பிரிச்சுப் படிக்க வசதியான புத்தகம்னா எவ்வளவு நீளமா இருந்தாலும் ஒரு குழு தாங்கும். இதுல இன்னொரு சந்தோஷமான செய்தி, தமிழுக்கு முதன்முதலா சாகித்திய அகாதமி விருது வாங்கிக் குடுத்தது நாவல் இல்ல, ரா.பி.சேதுப்பிள்ளையோட 'தமிழின்பம்'ங்கிற கட்டுரைத் தொகுப்பு, 1955-ல. 2024-க்கான விருது ஆ.இரா.வேங்கடாசலபதியோட வ.உ.சி. பத்தின வரலாற்று ஆய்வுக்குக் கிடைச்சுது. தமிழ்ல கட்டுரை நூலே இல்லன்னு யாராவது சொன்னா இந்த ரெண்டு வருஷத்தையும் சொல்லுங்க.

ரெண்டாவது விஷயம், வாதம் பண்ண இடம். எல்லாரும் ஒத்துக்கிற விஷயத்தையே சொல்ற புத்தகத்தை எடுத்தீங்கன்னா நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு பத்து நிமிஷத்துல கூட்டம் முடிஞ்சிரும். ரேச்சல் கார்சன் 1962-ல பூச்சிக்கொல்லி பத்தி எழுதின 'மௌன வசந்தம்' மாதிரி புத்தகத்துல, ஆசிரியர் ஒரு பக்கம் நின்னு அழுத்தமாப் பேசுறார், அதை மறுத்து ரசாயனக் கம்பெனிகள் அப்பவே கூச்சல் போட்டாங்க, பத்து வருஷம் கழிச்சு 1972-ல அமெரிக்காவுல டிடிடி-ங்கிற பூச்சிக்கொல்லிக்குத் தடை வந்துச்சு, அது இல்லாம மலேரியா கொசுவை என்ன பண்றதுங்கிற கேள்வி இன்னிக்கும் விவாதத்துல இருக்கு. இந்த மாதிரி புத்தகம்தான் குழுவுக்குத் தீனி.

இந்த இடத்துல ஒரு சம்பவம் சொல்லியே ஆகணும். இதை ஏற்கெனவே கேட்டவங்க இங்க பாதிப் பேர் இருக்கீங்க, மறுபடியும் கேளுங்க. எங்க குழுவுல ஒரு தடவை ரயில்பாதை போட்ட வரலாறு பத்தின ஒரு தடிமனான புத்தகம் எடுத்தோம். நல்ல புத்தகம், உழைச்சு எழுதினது. மூணாவது கூட்டம்னு நினைக்கிறேன், ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார் ஒருத்தர் எந்திரிச்சு, "ரயில் வந்ததாலதான் பஞ்சத்துல தானியம் போய்ச் சேர்ந்துச்சு, ஆசிரியரே சொல்றார்"னார். பேங்க்ல வேலை பாக்கிற அக்கா உடனே, "இல்ல சார், ரயில் வந்ததாலதான் ஊர்த் தானியம் வெளிய போச்சுன்னு ஆசிரியர் சொல்றார், நான் நேத்து ராத்திரிதான் படிச்சேன்"னாங்க. "எங்க சொல்றார், காட்டுங்கம்மா"ன்னார் வாத்தியார். "நீங்க முதல்ல காட்டுங்க சார்"னாங்க அக்கா. அவ்வளவுதான், பேச்சு நின்னுபோச்சு, எல்லாரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிச்சோம். வாத்தியார் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிவிட்டுக்கிட்டு விரலை எச்சில் தொட்டுப் புரட்டுறார், அக்கா புத்தகத்துல பஸ் டிக்கெட்டைச் சொருகி சொருகி வச்சிருந்தாங்க, அது ஒவ்வொண்ணா உதிருது, நூலகர் அம்மா சாவியோட வந்து நிக்கிறாங்க, "இடது பக்கத்துல மேல இருந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு"ன்னு ஒருத்தர், "படம் போட்ட பக்கத்துக்கு அடுத்தது"ன்னு இன்னொருத்தர். முக்கால் மணி நேரம்! ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் பொய் சொல்றாங்கன்னே நினைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கடைசி வரிசையில ஒரு காலேஜ் பொண்ணு, அதுவரைக்கும் எந்தக் கூட்டத்துலயும் வாயைத் திறந்தது கிடையாது, மெதுவா எந்திரிச்சு, "சார், 43-லயும் 207-லயும் பாருங்க"ன்னுச்சு. பாத்தா ரெண்டுமே இருக்கு! 43-ல ரயில் தானியம் கொண்டுவந்துச்சுங்கிற அந்தக் கால அரசாங்கத்தோட வாதத்தை ஆசிரியர் எடுத்துச் சொல்றார், 207-ல அதையே மறுத்து, ஏற்றுமதிக்குத் தானியம் போன கதையைச் சொல்றார். வாத்தியார் சொன்னதும் புத்தகத்துல இருக்கு, அக்கா சொன்னதும் இருக்கு. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"னு கேட்டா, அந்தப் பொண்ணு புத்தகத்தோட கடைசி வெத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுச்சு. பென்சில்ல, பொடி எழுத்துல, அகரவரிசையில: ஏற்றுமதி 88, 207. கூலி 61, 130. பஞ்சம் 43, 112, 207. பாலம் 74. படிச்சுக்கிட்டே தனக்குன்னு ஒரு இண்டெக்ஸ் போட்டு வச்சிருக்கு அந்தப் புள்ள. அன்னிக்கு எல்லாரும் அந்தப் பக்கத்தை ஃபோன்ல படம் எடுத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம். அதுக்கப்புறம் அந்தப் புத்தகத்துல நடந்த விவாதம் இருக்கே, அப்படி ஒரு விவாதம் நான் பாத்ததே இல்ல.

இதுதான் என்னோட மூணாவது விஷயம், சொல்லப்போனா இன்னிக்கு நான் பேச வந்ததே இதுக்குத்தான். தமிழ்ல வர்ற கட்டுரை நூல்கள் நிறையதுல சொல்லடைவு இல்ல. முன்னாடி இருக்கிற பொருளடக்கத்தைச் சொல்லல, புத்தகத்தோட கடைசியில எந்த விஷயம் எந்தப் பக்கத்துலன்னு அகரவரிசையில வர்ற இண்டெக்ஸைச் சொல்றேன். இங்கிலீஷ் மூலத்துல இருபது பக்கத்துக்கு இண்டெக்ஸ் இருக்கும், தமிழுக்கு வர்றப்போ அதை அப்படியே வெட்டி எறிஞ்சுடுறாங்க. கேட்டா பக்கம் கூடும், விலை கூடும்ங்கிறாங்க. இண்டெக்ஸ் இல்லாத புத்தகத்துல குழுவா இறங்குறது ஆழம் தெரியாம காலை விடுறதுதான், எந்தப் பக்கத்துல எந்த விஷயம் கிடக்குன்னே தெரியாது.

இது தமிழுக்குப் புதுசும் இல்ல. உ.வே.சா. ஓலைச்சுவடியை வச்சுக்கிட்டுப் பதிப்பிச்ச நூல்களோட கடைசியைப் புரட்டிப் பாருங்க, அரும்பத அகராதி, அதாவது அரிய சொற்களை அகரவரிசையில அடுக்கின பட்டியல், இருக்கும். அவரோட சீவக சிந்தாமணி 1887-ல வந்துச்சு, புறநானூறு 1894-ல. கம்ப்யூட்டர் கிடையாது, துண்டுத் தாள்ல எழுதி எழுதி வரிசைப்படுத்தின காலம். அப்ப முடிஞ்சது இப்ப ஏன் முடியல? நம்ம சீர்காழியில பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினாரே, உலகம் முழுக்க நூலகத் துறையில படிக்கிறாங்களே, அதுல நாலாவது விதி என்ன? வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து. முக்கால் மணி நேரம் புரட்டினோமே, அது யாரோட நேரம்? இங்கிலாந்துல 19-ம் நூற்றாண்டுல கேம்பல் பிரபுன்னு ஒரு நீதிபதி, இண்டெக்ஸ் இல்லாம புத்தகம் போடுற ஆசிரியருக்குக் காப்புரிமையைப் பறிச்சு அபராதமும் போடணும்னு பார்லிமெண்ட்ல மசோதா கொண்டுவரவே நினைச்சாராம். நான் அபராதம் எல்லாம் கேக்கல, ஒரு பத்துப் பக்கம்தான் கேக்கிறேன்.

இபுக்ல சர்ச் பண்ணிக்கலாமேன்னு தம்பிகள் கேப்பீங்க. பண்ணிப் பாருங்க. பஞ்சம்னு அடிச்சா பஞ்சத்தில், பஞ்சத்தால், பஞ்சங்களின் எதுவும் வராது. வறட்சின்னும் பட்டினின்னும் எழுதின பக்கம் வரவே வராது. விஷயம் தெரிஞ்ச ஒரு மனுஷன் உக்காந்து இது எல்லாம் ஒரே சங்கதின்னு சேர்த்து வச்சாத்தான் அது இண்டெக்ஸ். அதோட நம்பகமும் இங்கதான் தெரியும். தகவல் எங்கருந்து எடுத்தேன்னு கடைசியில பட்டியல் குடுத்து, இண்டெக்ஸும் போட்ட ஆசிரியர், வாங்க, என்னைச் சோதிச்சுப் பாருங்கன்னு கதவைத் திறந்து வைக்கிறார். கார்சன் தன்னோட புத்தகத்துக்குப் பின்னாடி பக்கம் பக்கமா ஆதாரம் அடுக்கினது அதுக்குத்தான், அத்தனை பேர் எதிர்த்தும் அந்தப் புத்தகம் நின்னுச்சு. அதனால அடுத்த மாசத்துக்கு ரெண்டு புத்தகம் போட்டிக்கு வந்தா, அட்டையைப் பாக்காதீங்க, கடைசிப் பக்கத்தைப் பாருங்க, இண்டெக்ஸ் உள்ளதுக்கு ஓட்டுப் போடுங்க.

தலைவர் ஐயா சீட்டு அனுப்பிட்டார், ரெண்டே நிமிஷம் ஐயா. மொழிபெயர்ப்பு பத்தி நிறைய சொல்லணும், அதுக்கு இன்னொரு மேடை வேணும். இப்போதைக்கு ஒண்ணு, அறிவியல் புத்தகம்னா மூலம் எந்த வருஷம் வந்ததுன்னு பாத்துட்டு எடுங்க, 2006-க்கு முன்னாடி எழுதினதுல புளூட்டோ இன்னும் கிரகமாத்தான் இருக்கும். மத்தது பேராசிரியர் ஐயா என்னை விட நல்லாச் சொல்லுவார்.

ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். வாசல்ல மேஜை மேல ஒரு கடிதம் வச்சிருக்கேன், பதிப்பாளர்களுக்கு எழுதினது, கட்டுரை நூல்களோட அடுத்த பதிப்புல இண்டெக்ஸ் சேருங்கன்னு ரெண்டே பத்தி. பக்கத்துல பேனாவும் இருக்கு. போறப்போ கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இன்னொண்ணு, இந்த வருஷம் நம்ம எடுக்கிற புத்தகத்துல இண்டெக்ஸ் இல்லன்னா நம்மளே போடுவோம். ஆளுக்கு ஒரு அத்தியாயம், படிக்கிறப்பவே பென்சில்ல குறிச்சுக்கிட்டு வந்து கடைசிக் கூட்டத்துல சேர்த்து, டைப் பண்ணி, பதிப்பாளருக்கே அனுப்பி வைப்போம், காசு வேண்டாம், அச்சுல போட்டா போதும். முதல் அத்தியாயத்துக்கு நான் பேர் குடுத்தாச்சு. ரெண்டாவதுக்கு அந்தக் காலேஜ் பொண்ணு, இப்ப வேலைக்குப் போயிருச்சு, அதுவும் இங்கதான் உக்காந்திருக்கு, கை தூக்கிருச்சு பாருங்க. மூணாவது அத்தியாயம் யாரு? நன்றி, வணக்கம்.