கவிதை வாழ்வது மேடையிலே!

நடுவர் அவர்களே, எதிரணியே, பந்தலுக்கு வெளியே நிக்கிற சொந்தங்களே, வணக்கம்.

'கவிதை வாழ்வது மேடையிலா, ஏட்டிலா?' தலைப்பு இருக்கட்டும், அதுக்கு அப்புறம் வர்றேன். எதிரணித் தலைவி ஒரு போடு போட்டாங்க: "மேடைக் கவிஞன் ஏன் ஒரே வரியை ரெண்டு தடவை சொல்றான்? அடுத்த வரி கைவசம் இல்லை!" சிரிச்சீங்க. எங்க அணிக்காரரே சிரிச்சாரு, நான் பார்த்துட்டேன்.

அம்மா, இதை நான் பிளஸ் டூ படிக்கும்போதே ஒருத்தர் கேட்டுட்டாரு. எங்க ஊரு மாரியம்மன் கோயில் பொங்கல். முதல்ல கவியரங்கம், அடுத்து ஆர்கெஸ்ட்ரா. கூட்டம் எதுக்கு வந்துச்சுன்னு நான் சொல்லணுமா? மைக்கைப் பிடிச்சேன். "மழையே நீ வாராயோ!" சத்தமே இல்லை. வழக்கப்படி மறுபடியும், "மழையே... நீ... வாராயோ!"

முன்வரிசையில வெத்தலை மென்னுக்கிட்டிருந்த பெரியவர் எழுந்தாரு. துண்டை உதறினாரு. பொறுங்க, துப்பிட்டு வரணும்ல... வந்தாரு. "தம்பி, அது வர்றதா இருந்தா முதல் தடவைக்கே வந்திருக்குமப்பா!"

பந்தலே சிரிக்குது. மைக் செட்டுக்காரன் தனியாச் சிரிக்கிறான். அது மைக்குலயும் கேக்குது! பயந்துபோய் அடுத்த வரியை ஒரே தடவை சொன்னேன்: "கண்மாய்க்குள்ளே கிரிக்கெட் ஆடுது பிள்ளைக!" உக்காரப்போன பெரியவர் திரும்பினாரு. "ஏப்பா, இதை மட்டும் ஏன் ஒரு தடவையோட விட்டே? திருப்பிச் சொல்லு!"

கேட்டீங்களா அம்மா? ஏட்டுல படிக்கிறவன் வேணும்னா பக்கத்தைத் திருப்பிக்குவான். பந்தல்ல உக்காந்திருக்கிறவன் எதைத் திருப்புவான்? கவிஞன்தான் திருப்பிச் சொல்லணும்!

அச்சுல வந்தாத்தான் கவிதையாம். எட்டயபுரத்துச் சபையில சுப்பையா 'பாரதி' பட்டம் வாங்கினது 1893, வயசு 11. அச்சுல முதல் பாட்டு, மதுரை 'விவேகபாநு'வுல, 1904. நடுவுல 11 வருஷம் அந்த மனுஷனை என்னன்னு கூப்பிடுறது? ராமாயணத்தைச் சபையில அரங்கேத்தின கம்பரையும் ஸ்ரீரங்கத்திலிருந்து கூட்டிட்டு வரலாம். நடுவர் கை மணிப்பக்கம் போகுது, விட்டுடறேன்.

ஒண்ணே ஒண்ணு. எங்கம்மா கைநாட்டு. என் புத்தகம் வந்தப்ப அட்டையில குங்குமம் வச்சு, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுச்சு. கும்பிட்டுச்சு; படிக்க முடியலை. ஆனா அன்னிக்குப் பந்தல்ல கடைசி வரிசையில உக்காந்து கேட்ட அந்தக் கண்மாய் வரி இருக்கு பாருங்க, களையெடுக்கும்போது அதைத் தானா ராகம் போட்டு இழுக்கும். கிரிக்கெட்டுன்னு வாயில வராது. "கண்மாய்க்குள்ளே கோலி ஆடுது பிள்ளைக"ன்னு மாத்திக்கிச்சு. பக்கத்து நிரையில இருந்த அத்தை, "யாரு பாட்டு மதினி இது?"ன்னு கேட்டாங்க.

"எம்மகன் கட்டுனது"ன்னு சொல்லிட்டு, நிமிராம அடுத்த களையைப் பிடுங்குச்சு எங்கம்மா.

எதிரணி நண்பர்களே, ஏட்டைத் தூக்கிக்கிட்டு அந்த வயக்காட்டுக்கு வாங்க. எங்கம்மாகிட்ட உங்க கட்சியைச் சொல்லுங்க. வணக்கம்!