யோபு சண்டை போட்டது யாரிடம்?

வணக்கம் நேயர்களே. துன்பமும் குழப்பமுமான காலத்தில் கடவுளை எப்படி நம்புவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே நான் பைபிளில் வரும் யோபுவிடம்தான் போய் நிற்பேன்.

'யோபுவின் பொறுமை' என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதரை ஊமையாக்கிவிட்டோம். அவர் பெயரிலுள்ள புத்தகத்தில் அவர் பொறுமையாக இருப்பது முதல் இரண்டு அதிகாரங்களில்தான். மொத்தம் 42 அதிகாரங்கள். மூன்றாவதில் வாயைத் திறந்து, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். சும்மாவா? ஒரே நாளில் சொத்தெல்லாம் போயிற்று. ஏழு மகன்கள், மூன்று மகள்கள், அத்தனை பேரும் போனார்கள். உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவனியுங்கள், ஏழு நாள்! நம்மால் ஏழு நிமிடம் முடியுமா? அதுவரை அவர்கள் தங்கமான நண்பர்கள். பேச ஆரம்பித்தார்கள், கெட்டது காரியம். "நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதுதான்" என்று ஆளுக்கொரு விளக்கம்.

நோயாளிகளைப் பார்க்கப் போகிற வழக்கம் எனக்கு உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தாய். மகன் போய்விட்டான். ஸ்கேன் உறையை இன்னும் மடியில் வைத்திருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "கடவுள் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்" என்றார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் குறைவாப் பிரியம் வெச்சிருக்கலாமே" என்றார். வந்தவருக்குப் பேச்சில்லை. எனக்கும்தான். அங்கே இன்னொரு பெண் இருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாவின் கைப்பேசி அணைந்து கிடப்பதைப் பார்த்து, வாங்கிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். தகவல் சொல்ல வேண்டிய உறவுகள் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

சரி, யோபுவுக்கு வருவோம். அந்த மூன்று நண்பர்களும் கடவுளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். ஆனால் கடவுளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள். யோபுவோ குமுறுகிறார், குற்றம் சாட்டுகிறார், வழக்காட வரச் சொல்கிறார், எல்லாம் கடவுளிடமே. கடைசி அதிகாரத்தில் தீர்ப்பு என்ன? 'என் தாசனாகிய யோபுவைப் போல் நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை' என்று நண்பர்கள்மேல்தான் கோபம். ஆக, கோபத்தோடு ஜெபிக்கிறவர் நம்பிக்கை இழந்தவர் என்று சொல்லாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், கடவுளிடம் சண்டை போடுகிறவர் அவரை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று. யோபுவுக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த பேச்சு, வாசிக்கிற நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 38ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசும்போதும், "நான் பூமியை அஸ்திபாரப்படுத்தும்போது நீ எங்கே இருந்தாய்" என்று கேள்விமேல் கேள்விதான். 'ஏன்' என்பதற்கு விடை கிடைத்தால்தான் நம்புவேன் என்று காத்திருந்தால், யோபுவும் காத்துக்கொண்டேதான் இருந்திருப்பார்.

எலியாவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் ஓடுகிறது. சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட தீர்க்கதரிசி. தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மற்றப் பேச்செல்லாம் பிறகுதான். இன்றைக்கு மனம் உடைந்து, சாகத் தோன்றுகிறது என்கிற நிலையில் கேட்டுக்கொண்டிருப்பவரே, நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு இல்லை.

ஆபகூக் என்ற இன்னொரு தீர்க்கதரிசி மிச்சம் இருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். அவர் புத்தகம் மூன்றே அதிகாரம்தான். 'எதுவரைக்கும் கூப்பிடுவேன்' என்று சண்டையில் தொடங்குவார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும் மகிழ்வேன் என்று முடிப்பார். நடுவில் என்ன நடந்தது என்பதை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.