உன்னிச்சைக் குளமும் டிசம்பர் மாதப் பாதீடும்

எல்லோருக்கும் வணக்கம். உள்ளூராட்சி சபைச் செயலாளர்கள், கணக்குப் பகுதியில் வேலை செய்பவர்கள், புதிதாகத் தெரிவான உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். ‘நிச்சயமற்ற காலத்தில் பாதீட்டு மதிப்பீடு’, அதாவது சபையின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தைக் கணிப்பது, என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது. அதனால் வயலிலிருந்து தொடங்குகிறேன்.

கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு முன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். உங்களில் பலர் போயிருப்பீர்கள். “போன வருடம் இத்தனை ஏக்கர் செய்தோம், இம்முறை பத்து வீதம் கூட்டுவோம்” என்று அங்கே யாரும் சொல்வதில்லை. உன்னிச்சைக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று முதலில் கேட்பார்கள். பிறகு எந்தக் கண்டத்தை, அதாவது எந்த வயல் தொகுதியை விதைப்பது, எதை விடுவது என்று சண்டை பிடித்தாவது முடிவெடுப்பார்கள். அதே மனிதர் சபைக் கதிரையில் வந்து உட்கார்ந்ததும் போன வருடத் தொகையோடு பத்து வீதத்தைக் கூட்டிவிட்டு எழும்பிப் போகிறார்!

2021 டிசம்பரில் பாதீட்டை நிறைவேற்றியவர்கள் நினைத்துப் பாருங்கள். அப்போது ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. குப்பை டிராக்டருக்கு ஒதுக்கிய காசு அரை வருடத்துக்கே காணாது. டிசம்பரில் இதை யாராலும் கணித்திருக்க முடியாது, அதில் குறையில்லை. ஆனால் மார்ச்சில் ரூபாய் சரியத் தொடங்கியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை அரசாங்கம் நிறுத்தியது. அதற்குப் பிறகும் டிசம்பர்க் கடதாசியையே ஏன் பிடித்துக்கொண்டிருந்தோம்?

வருமானத்தில், வீடு கட்டடங்களுக்கு அறவிடும் சோலைவரியும் சந்தைக் குத்தகையும் நம் கையில் இருப்பவை. பெரும்போக அறுவடைக் காசு ஊருக்குள் வந்த பிறகுதான் பாதிப்பேர் கட்டுவார்கள் என்பதால், அவற்றை மாதவாரியாக எழுதுங்கள். காணி கைமாறும்போது அறவிடும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாக, மெதுவாக வரும். காணி விற்பனை இன்று படுத்தால் சபைக் கணக்கில் அது தெரியப் பல மாதமாகும். காணிப் பதிவகத்தில் இந்தக் காலாண்டில் எத்தனை காணி உறுதிப் பத்திரங்கள் பதிவாகின என்று கேட்டுப் பாருங்கள். வரப்போகும் பண வரட்சி முன்கூட்டியே தெரியும். மாகாணத்தின் பாடும் பெரிதாக வேறில்லை. வியாபாரங்களின் விற்பனைத் தொகையில் மாகாணம் அறவிட்ட புரள்வு வரி 2011இல் போனது. அதற்குப் பதிலாக, மத்திய அரசு அறவிட்ட தேசக் கட்டுமான வரியில் கிடைத்த பங்கும் 2019 டிசம்பரில் போனது. மீதிக்கு மத்திய அரசின் கொடையைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு தொகைக்குப் பதிலாக மூன்று எழுதுங்கள்: குறைந்தது, நடுத்தரம், கூடியது. குறைந்த தொகைக்குள் சம்பளம், டீசல், தெருவிளக்கு மின்கட்டணம் அடங்க வேண்டும். வீதி, மதகு வேலைகளை வரிசைப்படுத்தி வைத்து, பணம் வர வர ஒப்பந்தம் கொடுங்கள். தொடக்கத்திலேயே எல்லா மதகுக்கும் அடிக்கல் நாட்டினால் படம் வடிவாக வரும், மதகு வராது.

இன்னொன்று. பாதீட்டின் முதல் பக்கத்தில், டீசல் என்ன விலையென்று நினைத்துக் கணக்குப் போட்டோம், கொடை எந்த மாதம் வருமென்று நினைத்தோம் என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்தால் போதும், எங்கே பிழைத்தது என்று தெரியும். நான் பார்த்த பாதீடுகளில் இப்படியொரு பக்கம் இருந்ததேயில்லை.

சரி, இனி நீங்கள் கேளுங்கள். குளத்தைப் பற்றியும் கேட்கலாம்.