பூட்டி பேரு எந்தக் காயிதத்துல இருக்கு?

வணக்கம் மக்களே. கேமராவ அப்படியே கீழ இறக்குறேன், மேசையில இருக்கறது தெரியுதா? ஓரமெல்லாம் பிஞ்சு, நடுவுல மடிச்ச கோடு விழுந்து கிடக்குல்ல, இதுதான் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை. 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்த குடும்பங்களுக்குக் குடுத்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் நிறைய வீட்டு டிரங்குப் பெட்டியில இது இருக்கும்.

மேல எங்க தாத்தா பேரு. அடுத்து தோட்டத்துப் பேரு. அதுக்குக் கீழ வரிசையா மனைவி, மகன், மகள், மகள். இந்தக் கடைசி வரியப் பாருங்க. எங்க பூட்டி, அதாவது தாத்தாவோட அம்மா பேரு, உறவுமுறைங்கற இடத்துல 'தாய்', வயசு 71. அவ்வளவுதான். எழுபத்தொரு வயசுல, பொறந்ததுல இருந்து கண்ணால பார்க்காத ஒரு நாட்டுக்கு அவங்க 'திரும்பி' வந்திருக்காங்க. ஏன்னா பூட்டி பொறந்தது இலங்கையில தலவாக்கலைப் பக்கம், ஒரு தோட்டத்து லயத்துல, அதாவது கூலியாளுங்களுக்கு வரிசையா கட்டுன வீட்டுல.

நான் இந்தத் தேடல ஆரம்பிச்சப்ப வீட்ல எல்லாரும் சொன்னது, "பூட்டனத் தேடு, அவரு வந்த ஊரு புதுக்கோட்டைப் பக்கம், அங்க போனா கோயில் பங்காளி யாராச்சும் சொல்லுவாங்க." தப்பில்ல. ஆனா பூட்டன் வழி எல்லாருக்கும் வாய்ப்பாடா தெரியும். பூட்டி வழி யாருக்கும் தெரியாது. அதான் என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

சரி, கதைக்கு வருவோம். பூட்டியோட அம்மா கடல் தாண்டுனது 1890-கள்ல. அப்ப எப்படிப் போவாங்கன்னா, ராமேஸ்வரம், தொண்டி பக்கம் இருந்து தோணியில மன்னார்க் கரை. அங்கருந்து காட்டு வழியா, தம்புள்ளையத் தாண்டி மாத்தளை வரைக்கும் நடை. தண்ணி கிடைக்காது, காலரா, காய்ச்சல். வழியில விழுந்தவங்க எத்தனை பேருங்கறதுல வரலாறு எழுதுறவங்களே ஒத்துப்போறதில்ல. கூட்டமாத்தான் போவாங்க, முன்னால ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போற கங்காணி.

அதுக்கு முன்னாடி காப்பிக் காலம். காப்பிக்கு வேலைங்கறது பெரும்பாலும் பழம் பறிக்கிற சீசன்லதான். ஆம்பளைங்க போவாங்க, முடிஞ்சதும் ஊருக்கு வந்துருவாங்க. 1869-ல இலைத்துரு நோய் வந்து காப்பியச் சாச்சுருச்சு. ஜேம்ஸ் டெய்லருங்கற ஸ்காட்லாந்துக்காரரு 1867-லயே லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டிருந்தாரு, எல்லாரும் அதுக்கு மாறுனாங்க. தேயிலைக்கு வருஷம் பூரா கொழுந்து எடுக்கணும். கொழுந்து எடுக்கப் பொம்பளை வேணும். அப்ப ஆளா கொண்டு வந்தா பத்தாது, குடும்பமா கொண்டு வந்து குடி வைக்கணும். எங்க வம்சத்துல ஒரு பொம்பளை முத முதலா கடல் தாண்டுனதுக்குக் காரணம் காப்பி இலையில வந்த ஒரு பூஞ்சைன்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா அதான் உண்மை.

பூட்டன் வந்தது வேற காலம், வேற வழி. 1914-ல தலைமன்னார் வரைக்கும் ரயில் வந்துருச்சு, தனுஷ்கோடியில இருந்து கப்பல். திருச்சியில சிலோன் தோட்டக்காரங்களோட ஆள் பிடிக்கிற ஆபீஸ் 1904-லயே திறந்தாச்சு. கங்காணி முன்பணம் குடுப்பாரு, மண்டபம் முகாம்ல சில நாள் அடைச்சு வச்சு, அம்மை குத்தி, நோய் இல்லன்னு பார்த்துட்டு அனுப்புவாங்க. ஆளுக்கொரு தகர டிக்கெட். அதுல தோட்டத்து நம்பர் அடிச்சிருக்கும். யாரு எந்தத் தோட்டத்துச் சரக்குன்னு கழுத்துல தொங்கும். வழிச்செலவு தோட்டத்துக் கணக்கு, அங்கருந்து அது கூலியாளோட கடன். காலை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே கடன்காரன்.

அதே மண்டபம் முகாம்லதான் அறுபது வருஷம் கழிச்சு எங்க தாத்தா குடும்பமும் வந்து இறங்குச்சு. அதே முகாம்! போறப்பவும் வரிசை, வர்றப்பவும் வரிசை.

பூட்டனுக்கும் பூட்டிக்கும் கல்யாணம் தோட்டத்துலயே. கங்காணி கூட்டத்துக்குள்ள, சொந்தம் சாதி பார்த்து, காமாட்சி விளக்கேத்தி தாலி கட்டுறது. கல்யாணச் செலவும் கங்காணி குடுத்த முன்பணம்தான். அந்தக் கடன் எழுதுன சீட்டுக்குப் பேரு துண்டு. வேற தோட்டத்துக்குப் போகணும்னா, புதுத் துரை அந்தத் துண்டுல இருக்கற பணத்தக் கட்டிட்டு ஆளுங்கள எடுத்துக்குவாரு. அடிமை இல்லன்னு சொல்லிக்கலாம், விலை மட்டும் எழுதியிருக்கும். 1921-ல சட்டம் போட்டு துண்டை ஒழிச்சாங்க.

இப்ப அடுத்த காயிதம். இது தாத்தாவோட பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், 1926. தோட்டத்துல பிள்ளை பொறந்தா துரை ஆபீஸ் வழியாத்தான் பதிவு. இருங்க, வெளிச்சம் பத்தல... ம், இப்பத் தெரியும். தகப்பன் பேரு இருக்கு. தாய் பேரு இருக்கு, எழுத்துப் பிழையோட. இனம்ங்கற இடத்துல இந்தியத் தமிழர். 1911 குடிசன மதிப்புலதான் முத முறையா இலங்கைத் தமிழர் வேற, இந்தியத் தமிழர் வேறன்னு பிரிச்சாங்க. பூட்டி அந்தத் தீவுலயே பொறந்து, அங்கயே கொழுந்து எடுத்தவங்க. இருந்தாலும் இந்தியத் தமிழர்தான்.

இன்னும் கீழ, பெத்தவங்க விவாகம் செஞ்சவங்களான்னு ஒரு கேள்வி. அதுக்கு நேரா 'இல்லை'. எனக்கு இதப் பார்த்ததும் கோவம்தான் வந்துச்சு. ஊரு கூடி, பந்தல் போட்டு, தாலி கட்டி நடந்த கல்யாணம். பதிவு பண்ணலங்கறதுக்காக அது கல்யாணமே இல்லன்னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டாங்க. உங்க வீட்ல இப்படி ஒரு பத்திரம் கிடைச்சு 'இல்லை'ன்னு இருந்தா பதறாதீங்க. பாதித் தோட்டத்துக்கு அப்படித்தான் இருக்கும்.

குடும்பம் எப்படி ஓடுச்சுங்கறதுக்கு சம்பளக் கணக்கு ஒண்ணே போதும். 1929-ல மலைநாட்டுக்குக் குறைஞ்சபட்சக் கூலி வந்துச்சு. ஒரு நாளைக்கு ஆம்பளைக்கு 54 சதம், பொம்பளைக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளைக்கும் கூலி விகிதம் இருந்துச்சுங்கறத ஒரு தடவை யோசிங்க. விடியக்காலம் தப்பு அடிச்சு எழுப்புவாங்க, ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல போய் நிக்கணும், கைக்குழந்தையப் பிள்ளைங்களப் பார்த்துக்குற பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு மலையேறணும். தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுற ஆம்பளை மத்தியானத்தோட இறங்கிருவான். கொழுந்து எடுக்கறவ சாயங்காலம் நிறுத்துப் போட்டுட்டுத்தான் வரணும். கொழுந்து குறைஞ்சா அரைப்பேருதான், அதாவது பாதி நாள் கூலி. செக்ரோல்ங்கற கூலிக் கணக்குப் புத்தகத்துல பூட்டி பேருக்குத் தனி வரி உண்டு. சம்பள நாள்ல கையை நீட்டி வாங்குனது பூட்டன். இத எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு, பெருமையா. அந்தக் காலத்துல அது அப்படி.

1939-ல இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாளுங்க போறதத் தடை பண்ணுச்சு. இங்க படிக்கிற பிள்ளைங்களுக்கு இது ஒரு மார்க் கேள்வி. எங்க வீட்ல அது பூட்டனோட தம்பி வராமப் போனது. அதோட புதுக்கோட்டைத் தொடர்பும் விட்டுப்போச்சு.

இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயம். வெள்ளைக்காரன் போனான், 1948-ல இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் மலையக மக்கள், அதாவது இந்தத் தோட்டத்துத் தமிழர் ஓட்டுல இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் ஆளுங்களப் பார்லிமெண்டுக்கு அனுப்பியிருந்துச்சு. சட்டம் கேட்டது என்ன? அங்க பொறந்தவன் குடிமகன் ஆகணும்னா பொதுவா அவனோட தகப்பன் இலங்கையில பொறந்திருக்கணும். இல்லன்னா தகப்பனோட தகப்பனும், அவருக்குத் தகப்பனும் அங்க பொறந்திருக்கணும். நாமெல்லாம் ஆசைக்கு வம்சத்தத் தேடுறோம். அவங்கள அரசாங்கமே வம்சாவளியக் கொண்டு வாடான்னு நிறுத்துச்சு, அதுவும் பிறப்புப் பத்திரமே இல்லாத ஒரு தலைமுறைய. ஏறத்தாழ 7 லட்சம் பேரு நாடில்லாதவங்க ஆனாங்க.

எங்க தாத்தாவப் பாருங்க. அங்க பொறந்தவரு. அவரு அம்மாவும் அங்க பொறந்தவங்க. ஆனா தகப்பன் புதுக்கோட்டைக்காரரு. தாய் பொறந்த இடத்த ஆபீஸ்ல யாரும் கேக்கவே இல்ல. பூட்டிக்கு அந்த மண்ணுல இருந்த உரிமை, மகனுக்குக் கால் காசுக்கு உதவல. வீட்ல பூட்டி வழிய யாரும் ஞாபகம் வச்சுக்காததுக்கு மறதி மட்டும் காரணமில்லன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. தகப்பன் வழியச் சொன்னாத்தான் எந்த ஆபீஸ்லயும் கேப்பாங்க. தாய் வழியச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்புறம் யாரு சொல்லுவா?

1964 அக்டோபர் 30, முன்னாடி சொன்ன அந்த ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேர்ல 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்த 1974-ல பாதிக்குப் பாதி பிரிச்சுக்கிட்டாங்க. அந்த மக்கள ஒரு வார்த்தை கேக்கல. எங்க தாத்தா இந்தியாக் கணக்கு. அவரு தங்கச்சி கட்டுன வீடு இலங்கைக் கணக்கு. ஹட்டன் ஸ்டேஷன்ல கோச்சி, அதாவது ரயிலு, கிளம்புறப்ப எழுந்த அழுகையப் பத்தி மலையகத்துல இன்னைக்கும் பேசுவாங்க. அழுகைக் கோச்சின்னே பேரு. பூட்டி அந்தக் கோச்சியில ஏறுனது மகன் கூட. மகள் பிளாட்பாரத்துல.

தலைமன்னார்ல இருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் இந்த நீலகிரி மலை. 1968-ல தமிழ்நாடு அரசாங்கம் திரும்பி வந்தவங்களுக்காகவே இங்க தேயிலை போட ஆரம்பிச்சிருந்துச்சு. அதுதான் பின்னால டான்டீ, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். திரும்பவும் லயம், திரும்பவும் கொழுந்து.

தேடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு ஒண்ணு, துரைங்க எழுதுன பேரு ஒண்ணு. பாட்டி சொன்ன பேர வச்சு மேப்ல தேடுனா கிடைக்காது. கொழும்புல அச்சான பழைய ஃபெர்குசன் டைரக்டரியில தோட்டங்களோட தமிழ்ப் பேரும் போட்டிருக்கும், அத வச்சு ஜோடி சேருங்க.

அப்புறம், குடும்ப அட்டை வச்சிருக்கறவங்க, தயவு செஞ்சு லேமினேட் பண்ணாதீங்க. ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுட்டு, அட்டையக் காத்து படுற மாதிரி காயித உறையில போடுங்க. பின்பக்கம் பென்சில்ல கிறுக்கியிருந்தா அழிச்சுடாதீங்க. எங்க அட்டையில அப்படிக் கிறுக்குன ஒரு விலாசத்த வச்சுத்தான் தாத்தாவோட தங்கச்சி மகளத் தலவாக்கலையில பிடிச்சேன். போன்ல பேசியாச்சு. பூட்டியோட அம்மா பேரு அவங்களுக்குத் தெரியுமாம், நேர்ல வந்தாத்தான் சொல்லுவாங்களாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன்.