காவடிப் படங்களும் பெயரில் உள்ள இடைவெளியும்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் அக்கா அனுப்பியது. கோவில் காவடிப் படங்களை டி டிரைவில் 'காவடி படங்கள் 2024' என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறார். வெளி டிஸ்கில் பேக்கப் எடுக்க, விண்டோஸில் இருக்கும், ஃபைல்களை நகல் எடுக்கும் ரோபோகாப்பி கட்டளையை ஒரு பேட் ஃபைலில் (.bat, கட்டளைகளை எழுதி ஓட்டும் ஃபைல்) எழுதினாராம். கறுப்புத் திரை வந்து சட்டென்று மறைகிறது, டிஸ்கில் ஒரு படம்கூட இல்லை. ஃபோல்டர் பெயரில் உள்ள இடைவெளியை எடுத்துவிடவா என்று கேட்கிறார்.

வேண்டாம் அக்கா, பெயரை மாற்றாதீர்கள். இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்தது என்றுதான் கட்டளை எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதியதை அது எப்படிப் படித்திருக்கும் தெரியுமா? 'டி:\காவடி' என்ற இடத்திலிருந்து, 'படங்கள்' என்ற இடத்துக்கு, '2024' என்ற ஃபைலைக் கொண்டுபோ. அதற்குப் பிறகு வரும் 'ஈ:\பேக்கப்' என்னவென்று புரியாமல் பிழை சொல்லி நின்றுவிடும். பேட் ஃபைலை டபுள் கிளிக் செய்யாமல் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரை) ஓட்டினால் அந்தப் பிழைச் செய்தி திரையிலேயே நிற்கும், நிதானமாகப் படிக்கலாம்.

சரி, தீர்வு இரட்டை மேற்கோள் குறி. ரோபோகாப்பி என்ற சொல்லுக்குப் பிறகு வரும் இரண்டு பாதைகளையும், அதாவது ஃபோல்டர்கள் இருக்கும் இடங்களையும், தனித்தனியாக அதற்குள் வையுங்கள்:

"டி:\காவடி படங்கள் 2024" "ஈ:\பேக்கப்"

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாதையின் கடைசியில் பேக்ஸ்லாஷ் (\) போட்டு உடனே மேற்கோளை மூடினால், அந்த மேற்கோளையும் பெயரின் பகுதி என்று எண்ணி இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கிவிடும். கடைசி பேக்ஸ்லாஷை எடுத்துவிடுங்கள். அப்புறம், கட்டளையை வேர்டில் எழுதி ஒட்டாதீர்கள். அது வளைந்த மேற்கோள் குறியைப் போடும், கமாண்ட் பிராம்ப்டுக்கு அது மேற்கோளே இல்லை. நோட்பேடில் எழுதுங்கள். உங்கள் ஃபோல்டர் பெயர் தமிழில் இருப்பதால் தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்து, அதை அப்படியே படிக்கச் சொல்ல, கட்டளைக்கு மேல் ஒரு வரியில் சிஎச்சிபி 65001 என்று ஆங்கில எழுத்தில் (chcp 65001) சேருங்கள்.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் மட்டும் மேற்கோள் கூடாது. இடைவெளி இருந்தாலும் பாதையை அப்படியே எழுத வேண்டும்.

முதல் முறை கட்டளையின் கடைசியில் சாய்கோடு எல் (/L) சேர்த்து ஓட்டுங்கள். எதையும் நகல் எடுக்காமல் பட்டியல் மட்டும் காட்டும். சாய்கோடு மிர் (/MIR) என்பதைப் பாதைகள் சரி என்று உறுதியாகும்வரை தொடவே வேண்டாம். மூல ஃபோல்டரில் இல்லாதது டிஸ்கில் இருந்தால் அது அழித்துவிடும்.

நகல் முடிந்ததும் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, நான்கைந்து படங்களையாவது திறந்து பாருங்கள். பிறகு டிஸ்கை வேறு வீட்டில் வையுங்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப்போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். உங்கள் படங்களில் இருக்கும் அந்தக் காவடிக்குப் பத்தே நாள் முன்பு நடந்தது அது.