வளர்வது எளிது, பிரிவதுதான் பாடு

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வகத்தில் செயற்கையாக ஒரு செல்லைச் செய்து, அதை வளர்ந்து பிரியவைக்கும் முயற்சி பற்றித்தான் இன்றைய பேச்சு.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், கீரிப்பாறை பக்கம் பால்வெட்டு நடக்கும் ரப்பர் தோட்டங்களில் சிரட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரப்பர் பாலில் மிதக்கும் நுண்ணிய துகள் ஒவ்வொன்றையும் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அதனால்தான் துகள்கள் ஒட்டாமல் கிடக்கின்றன. ஆசிட் விட்டதும் உறைந்துவிடுகின்றன. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருப்பதும் கொழுப்பு உறைதான், ஆனால் இரண்டு அடுக்கு.

இந்த உறையைச் செய்வது பெரிய காரியமில்லை. சில கொழுப்புப் பொருள்களைத் தண்ணீரில் விட்டால் தாமாகவே சிறு பைகளாகிவிடும். மேலும் கொழுப்பு அமிலம் கொடுத்தால் பை வளரும். 2009-இல் விஞ்ஞானி ஜாக் ஷோஸ்டாக்கின் ஆய்வகத்தில் அப்படி வளர்ந்த பைகள் நூலாக நீண்டன. லேசாகக் குலுக்கியதும் பல துண்டுகளாயின. சரி, செல் பிரிந்துவிட்டது என்று சொல்லலாமா? எனக்கு மனம் வரவில்லை. பிரித்தது வெளியிலிருந்து வந்த குலுக்கல்தானே!

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உருண்டையான பை உள்ளிருப்பதைச் சிந்தாமல் இரண்டு சம உருண்டைகளாக வேண்டுமானால், உறை 26 சதவீதம் கூடுதலாக வேண்டும். பிரிந்த இரண்டும் பழைய அளவிலேயே இருக்க வேண்டுமானால் உள்ளே இருப்பதும் இரட்டிப்பாக வேண்டும், உறையும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், நடுவில் சரியாக இறுக்கவும் வேண்டும்.

இன்னொரு வழியில் போனவர்கள் அமெரிக்க மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழுவினர். ஆடுகளுக்கு நோய் தரும் மைக்கோபிளாஸ்மா கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆய்வகத்தில் கோத்து, வேறொரு இனக் கிருமிக்குள் வைத்து 2010-இல் உயிரோடு ஓடவிட்டார்கள். செயற்கை உயிர் என்று அப்போது ஒரே பேச்சு. உடம்பு இரவல்தான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அப்புறம் வேண்டாத மரபணுக்களைக் கழித்துக் கழித்து, 2016-இல் 473-க்குக் கொண்டுவந்தார்கள். அதில் 149 மரபணுக்களின் வேலை என்னவென்று அப்போது யாருக்கும் தெரியவில்லை!

அந்த செல் வளர்ந்தது, பெருகியது. ஆனால் உருவம் கோணல்மாணல்: சில நூலாக, சில பெரிய உருண்டையாக. கழித்த மரபணுக்களில் ஏழு மரபணுக்களைத் திரும்பச் சேர்த்ததும் ஒழுங்காகப் பிரிந்தது, 2021-இல் வெளியிட்டார்கள். அந்த ஏழில் பிரிதலில் பங்குள்ளவை என்று முன்பே தெரிந்தவை இரண்டுதான். மற்ற ஐந்தில் நான்கு, உறையோடு சேர்ந்த புரதங்களுக்கானவை. அவை அங்கே என்ன செய்கின்றன என்பதுதான் இப்போதைய கேள்வி.

இந்த செல் வெளியே தப்பினால் ஆபத்தா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை அதனால் தானே செய்துகொள்ள முடியாது. ஆய்வகத்தில் ஊட்டும் சத்துக் கரைசலை நம்பித்தான் இருக்கிறது. பழையாற்றில் விட்டால் பிழைப்பது கஷ்டம்.

நன்றி, வணக்கம்.